காலமும் பொருளும் ஊரார் சொல்லும்

மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் மூன்று கணக்குகளை ஓயாது எழுதி வருகின்றான். முதலாவது காலக் கணக்கு. இரண்டாவது பொருட் கணக்கு. மூன்றாவது, பிறர் தன்னைப் பற்றி யாது நினைக்கின்றனர் என்னும் மதிப்புக் கணக்கு. பத்து வயதிலும் இவை மூன்றும் உண்டு. எண்பது வயதிலும் உண்டு. எதனை முதலில் வைப்பது, எதனைக் கடைசியில் வைப்பது என்னும் வரிசை மாத்திரம் வயதோடு மாறிச் செல்கின்றது. எமது கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில், பதினெட்டு வயது மாணவனும் எண்பது வயதுப் பழைய மாணவரும் ஒரே பந்தலின்கீழ் அமர்கின்றனர். ஆதலின் இவ்வரிசை மாற்றத்தைச் சிறிது ஆராய்தல் இம்மலருக்குப் பொருத்தமாகும் என எண்ணுகின்றேன்.

இளமையில் காலம் அள்ள அள்ளக் குறையாத கிணற்று நீர் போலத் தோன்றுகின்றது. கையிற் பொருள் இல்லை. ஆயினும் அதனைப் பற்றிய கவலை பெற்றோருடையது. இளைஞனுக்கு உள்ள பெருங் கவலை மூன்றாவது கணக்கே. சக மாணவர் நகைப்பரோ, உறவினர் இகழ்வரோ, அயல் வீட்டார் ஒப்பிட்டுப் பேசுவரோ என்னும் அச்சம் அவனது உடையையும் நடையையும் மாத்திரமன்றி, அவன் பயிலும் பாடத்தையும் தீர்மானிக்கின்றது. நடு வயதில் பொருள் முதலிடம் பெறுகின்றது. பிள்ளைகளின் படிப்பு, சகோதரியரின் திருமணம், பெற்றோரின் மருத்துவம், வீட்டுக் கடன் என்பன ஒருங்கே வந்து வாயிலில் நிற்கின்றன. பொருளீட்டுதற்குக் காலத்தை விற்கின்றோம். விற்ற விலை போதுமானதா என்று எண்ணிப் பார்ப்பதற்கும் காலம் இருப்பதில்லை. முதுமையில் வரிசை தலைகீழாகின்றது. காலமே அரும்பொருளாகின்றது, பணம் மருந்துக்கும் உணவுக்கும் போதுமாயின் மனம் அமைதி கொள்கின்றது, ஊரார் சொல் செவியில் விழுந்தும் நெஞ்சிற் படாது கழிகின்றது.

இம்மாற்றத்தைக் கண்டோர், வயது முதிர அறிவு தானே முதிரும் என்பர். பழுத்த இலை உதிர்வது போல ஆசையும் அச்சமும் காலம் வந்ததும் தாமே உதிருமாயின், இளைஞர் செய்தற்குரியது பொறுத்திருத்தல் ஒன்றே என்று ஆகிவிடும். இக்கொள்கை எனக்கு உடன்பாடன்று. அறுபது வயது நிறைந்தும் மதில் ஓரத்து ஒரு முழ நிலத்திற்காக உடன்பிறந்தானோடு வழக்காடுவோர் உளர். இருபது வயது நிரம்பாமலே குடும்பச் சுமையைத் தாங்கி, எது வேண்டும் எது வேண்டா என்று தெளிந்தோரும் உளர். எனவே இவ்வரிசையை மாற்றுவது பிறந்த ஆண்டின் கணக்கு மாத்திரமன்று. நமக்குரிய காலம் எல்லையுடையது என்னும் உணர்வே அதனை மாற்றுகின்றது. முதுமை அவ்வுணர்வை வலிந்து தருகின்றது. இளமை அதனைத் தானே தேடிக் கொள்ளல் வேண்டும். இதுவே யான் இக்கட்டுரையிற் கூற முற்படுவது.

அமெரிக்க நாட்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியை லோறா காஸ்ரென்சன் என்பாரும் அவரோடு ஆராய்ந்தோரும் இதனைப் பல்லாண்டு ஆய்ந்துள்ளனர். எஞ்சியுள்ள காலம் நீண்டதென்று எண்ணுவோர் புதிய அறிவையும் புதிய தொடர்புகளையும் நாடுகின்றனர். குறுகியதென்று உணர்வோர் நெஞ்சுக்கு நெருங்கியவரையும் மன நிறைவு தரும் செயலையும் நாடுகின்றனர் என்பது அவர்தம் முடிபு. 1997ஆம் ஆண்டில் ஹொங்கொங் சீன நாட்டிடம் கையளிக்கப்படவிருந்த காலத்தை ஒட்டி அவர்கள் நடத்திய ஆய்வில், ஒரு காலப் பகுதி முடிவடையப் போகின்றது என்னும் உணர்வு அங்குள்ள இளைஞரையும் முதியோரைப் போலவே தமக்கு நெருங்கியவரை நாடச் செய்தது என்று கண்டனர். அவர்கள் ஒரே ஆண்டில் முதுமை எய்தினாரல்லர். எல்லை கண்ணுக்குத் தெரிந்தமையே காரணமாயிற்று.

எமது மக்களுக்கு இதனை உணர்த்த ஆய்வு நூல் வேண்டுவதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு, மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பல்லாண்டு உழைத்துக் கட்டிய வீட்டைப் பூட்டுதற்கு ஒரு நிமிடமே செலவாயிற்று. பிள்ளைகள், வயது முதிர்ந்த பெற்றோர், பள்ளிச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், ஒரு சோற்றுப் பானை: இவையே பெரும்பாலார் எடுத்துச் சென்றவை. முன் மண்டபத்தின் அழகும், அயலாரினும் உயர்ந்த மதிலும், ஊரார் புகழ்ந்த கல்யாணச் சிறப்பும் எவருடைய மூட்டையிலும் ஏறவில்லை. பதினைந்து வயதினரும் எழுபது வயதினரும் அன்றிரவு ஒரே வரிசையில் எண்ணினர்.

ஆயினும் இதற்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1996இல் திரும்பி வந்தோர் கூரையைச் செப்பனிட்டனர், கிணற்றை இறைத்தனர், சில ஆண்டுகள் சென்றதும் எல்லை வேலிச் சண்டையையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினர்! இதனைக் குறையாகக் கூறவில்லை. மனித இயல்பாகவே கூறுகின்றேன். காலத்தின் எல்லை கண்ணிலிருந்து மறைந்தவுடன் பழைய வரிசை தானாகவே திரும்பி வருகின்றது. ஆதலின் பேரிடர் கற்பித்த பாடத்தையும் திரும்பத் திரும்பப் படித்தல் வேண்டும். தமிழில் நீதி நூல்கள் தோன்றியதன் பயன் இதுவே.

நாலடியாரின் அறத்துப்பாலில் முதல் மூன்று அதிகாரங்களும் முறையே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்பன. நூலைத் தொகுத்தோர் மாணவன் முதற்கண் எதிர்ப்படும் இடத்திலேயே இம்மூன்றையும் நிறுத்தியுள்ளனர். முதியோர்க்கு மாத்திரம் உரியதாயின் இவற்றை நூலின் இறுதியில் அன்றோ வைத்திருத்தல் வேண்டும்? செல்வம் நிலையாமைக்கு உரை வேண்டுவோர் 2022ஆம் ஆண்டை நினைவு கூர்க. அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களில் 360 ரூபாவரை உயர்ந்தது. வங்கியில் வைத்த பணம் எண்ணிக்கையிற் குறையாமலே பெறுமதியிற் பெரிதும் குறைந்தது. வாழ்நாட் சேமிப்பை நம்பியிருந்த இளைப்பாறியோர் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றனர். அக்காலத்தில் அவர்களைத் தாங்கியவை நல்ல பிள்ளைகளும் நல்ல அயலாருமே.

இனி, மதிப்புக் கணக்கை நோக்குவோம். முதுமை எய்தியோர் சிலர், எவர் சொல்லையும் பொருட்படுத்தாமையே விடுதலை என்பர். அது முழு உண்மையன்று. திருக்குறளில் நன்றியில்செல்வம் 101ஆம் அதிகாரம். நாணுடைமை அதற்கு அடுத்த அதிகாரம். பயன்படாத பொருளைப் பழித்த கையோடு, தகாதன செய்ய நாணுதலைச் சிறப்பிக்கின்றார் வள்ளுவர். நாணம் அற்றவனை விடுதலை பெற்றவன் என்று எந்த நூலும் கூறவில்லை. எனவே பிறர் சொல்லுக்கு அஞ்சுவதா விடுவதா என்று வினவுதலினும், எவர் சொல்லுக்கு அஞ்சுவது என்று வினவுதலே முறை. தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் நண்பன், நம் நலத்தில் உண்மையான அக்கறை கொண்ட ஆசிரியர், நம்மால் வாழ்வோர் ஆகியோர் சொல் எந்த வயதிலும் மதிக்கத் தக்கது. படலையடியில் நின்று அரை நாழிகை பேசிவிட்டு மறந்து போவோர் சொல்லுக்காக ஒருவன் தன் வாழ்நாளை வளைத்தல் தகாது. இளைஞர் இவ்விரு வகையினரையும் பிரித்தறியாது எல்லோர்க்கும் அஞ்சுகின்றனர். முதியோருட் சிலர் பிரித்தறியாது எல்லோரையும் புறக்கணிக்கின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

இப்பிழைக்கு எமது சமுதாயம் கொடுக்கும் விலையை ஆசிரியராய் உள்ளோர் நாள்தோறும் காண்கின்றனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கிக் க. பொ. த. உயர்தரம் வரை மாணவனது நாட்பொழுது பாடசாலைக்கும் தனியார் கல்வி நிலையத்திற்குமாகப் பங்கிடப்படுகின்றது. விளையாட்டுக்கும் வாசிகசாலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் எஞ்சுவது சிறிது. உயர்தர வகுப்பில் எத்துறையைத் தெரிவது என்று வரும்போது, "உனக்கு எது விருப்பம்?" என்னும் வினா கடைசியிலேயே எழுகின்றது. வைத்தியம், அன்றேல் பொறியியல் என்பது வீட்டார் தீர்ப்பு. அதனை எழுதிக் கொடுத்தது ஊரார் வாய். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். இயல்பிலே நாட்டமுள்ள துறையில் மும்முறை முயல்வது விடாமுயற்சி, அதனைப் பாராட்டுவோம். நாட்டமில்லாத துறையில், அயலாருக்கு விடை கூற அஞ்சி மும்முறை முயல்வதோ, பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையுள்ள ஆண்டுகளைத் தீயில் இடுவதாகும். அவ்வாண்டுகளை எந்த முதுமையும் திருப்பித் தர மாட்டாது. மூன்றாம் முறையும் தவறிய பின் அவன் முகத்தைப் பார்த்து ஆறுதல் கூற அந்த அயலார் வருவதுமில்லை.

எம்முடைய முன்னோர் இவ்விடயத்தில் எங்ஙனம் நடந்தனர் என்று பார்ப்போமாக. நல்லூர் ஆறுமுக நாவலர் 1822இல் தோன்றியவர். பேர்சிவல் பாதிரியாரிடத்து மதிப்பும் ஊதியமும் உள்ள பணியில் இருந்தவர், 1848இல் அதனை விட்டு நீங்கினார்; அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் தோன்றியவர். ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தல் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர்க்கு உரிய பொழுதுபோக்கு என்று அவர் கருதவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே, 1868இல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிற் கொணர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. இளைப்பாறிய பின் வந்த ஆண்டுகளில் பொருளதிகாரமும் கலித்தொகையும் அவர் கையால் வெளிவந்தன. அவ்வேலைக்குரிய பயிற்சியோ நடு வயதிலேயே தொடங்கிவிட்டது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் 1892இல் தோன்றியவர். விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். உத்தியோகமும் மதிப்பும் கைகூடியிருந்த முப்பதாம் வயதில், 1922இல், அவற்றை விட்டு இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்தார். 1924இல் விபுலாநந்தர் எனத் துறவுப் பெயர் பெற்றார். அவரது யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறியது. ஜூலை 19ஆந் திகதி அவர் மறைந்தார். இன்னுஞ் சில ஆண்டுகள் கழித்துத் தொடங்குவோம் என்று அவர் காத்திருந்தாராயின், யாழ் நூல் தமிழுக்குக் கிடைத்திராது.

இருபத்தைந்து, முப்பத்தாறு, முப்பது: இவை மூவரும் தம் கணக்கு வரிசையை மாற்றிய வயதுகள். அறுபதுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். "நாவலரும் விபுலாநந்தரும் இல்லறச் சுமை இல்லாதவர், எல்லோரும் அவ்வாறு செய்தல் இயலுமா?" என்று குடும்பத் தலைவர்கள் வினவுவர். வினா நியாயமானது. யாழ்ப்பாணத்தான் பொருள் தேடிப் புறப்பட்டது பேராசையால் மாத்திரமன்று. நீர்வளம் குறைந்த மண்ணும் துண்டாடப்பட்ட காணியும் அவனைத் துரத்தின. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் பணி புரிந்தோர் அனுப்பிய காசுக்கட்டளையாலேயே இங்கே கல்வீடுகள் எழுந்தன. பாடசாலைகளும் கோயில்களும் வளர்ந்தன. 1983இன் பின்னர் கடல் கடந்தோர் பனியிலும் இரவு வேலையிலும் உழைத்து அனுப்பிய பணம் எத்தனையோ குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது. அத்தகையோரை நோக்கி, "பொருள் அற்பம்" என்று போதித்தல் நன்றி மறத்தலாகும். பசித்தவனுக்குப் பொருளே முதன்மை, அதில் ஐயமில்லை.

ஆயினும் போதும் என்னும் எல்லையை எவ்விடத்தில் இடுவது என்ற வினாவைப் பசி தீர்ந்த பின்னராவது கேட்டல் வேண்டும். இன்று எமது ஊர்களில் மாடி வீடுகள் பல உள. உயர்ந்த மதிலும் இரும்புப் படலையும் உள. உள்ளே முதிய தாய் ஒருத்தியும், மாலையில் எரியும் விளக்கு ஒன்றும் உள. தாய்க்கு மகன் அனுப்பும் பணத்தில் குறைவில்லை; அவள் எண்ணுவதோ, அவன் அடுத்த முறை வந்து நிற்கும் நாட்களையே. தொலைபேசியில் அவன் முகத்தைக் காண்கின்றாள். தலையைத் தடவ இயலவில்லை. மகன் பொருட் கணக்கிலும் தாய் காலக் கணக்கிலும் வாழ்கின்றனர். மகனும் அறுபது வயதடைந்து காலக் கணக்கைத் தொடங்கும்போது, அவனோடு அதனைப் பார்த்தற்குத் தாய் இருக்க மாட்டாள். வரிசை தாமதித்து மாறுவதால் வரும் நட்டம் இதனினும் பெரிது ஒன்றுண்டோ?

ஆதலின் விழாக் காணும் இவ்வாண்டில், எமது பழைய மாணவரிடத்து ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றேன். கல்லூரிக்கு மண்டபம் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், மைதானம் திருத்தப்படல் வேண்டும். இவற்றுக்கு வாரி வழங்கியோரை அன்னை என்றும் மறவாள். எனினும் மண்டபத்தினும் அரியதொரு பொருள் உங்களிடம் உண்டு. வாழ்ந்து கண்ட அனுபவமே அது. ஆண்டில் ஒரு நாள், ஒரு பாடவேளை, உயர்தர வகுப்பு மாணவர் முன் வந்து அமருங்கள். மேடை வேண்டா, மாலை வேண்டா. எத்துறையை ஏன் தெரிந்தீர்கள், யாருக்கு அஞ்சினீர்கள், அவ்வச்சம் இப்போது எங்கே, ஈட்டிய பொருளில் எது மகிழ்வு தந்தது, எந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற விரும்புவீர்கள் என்பவற்றை உள்ளவாறு கூறுங்கள். வைத்தியராய் நிறைவு கண்டவரும் வருக. வைத்தியராக விரும்பாது சென்று வருந்தியவரும் வருக. பரீட்சையில் தவறிக் கமத்தொழிலிலோ வாணிகத்திலோ சிறந்தவரும் வருக. வெற்றி பெற்றோர் கதையை மாத்திரம் கேட்ட மாணவன் தோல்விக்கு அஞ்சுவான். எல்லோர் கதையையும் கேட்டவனே ஊரார் சொல்லின் நிறையை அறிவான். ஆசிரியர் நூறு நாள் கூறியும் புகாத உண்மை, முடி நரைத்த ஒருவர் ஒரு நாள் கூறப் புகும்.

பெற்றோராய் உள்ள பழைய மாணவருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை துறை தெரிவு செய்யும் நாளில், "சனங்கள் என்ன சொல்லும்?" என்னும் வாக்கியத்தை வீட்டில் உச்சரியாதிருங்கள். அவ்விடத்தில், "பத்து ஆண்டின் பின் நீ எதனைச் செய்து கொண்டிருக்க விரும்புவாய்?" என்று கேளுங்கள். விடை உடனே வராது. வரும் வரை பொறுத்திருங்கள். அப்பொறுமையும் நீங்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் காலமே.

மாணவச் செல்வங்களே, உங்களை இளமையிலேயே முதியோராகுமாறு நான் கூறவில்லை. புதியன காணும் வேட்கையும் பெரும் பொருள் ஈட்டும் ஊக்கமும் உங்கள் பருவத்துக்கு அழகு. அவற்றை இழந்த சமுதாயம் வளராது. ஒரு நாளின் இறுதியில், இன்று என் காலத்தை எதற்குக் கொடுத்தேன், யாருடைய சொல்லுக்காகக் கொடுத்தேன் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள், அவ்வளவே போதும். அவ்வினாவை அறுபதில் முதன்முறை கேட்பவனுக்கு விடை இருப்பினும் அதன்படி வாழ ஆண்டுகள் இல்லை. பதினெட்டில் கேட்பவனுக்கு விடை அரைகுறையாயினும் ஆண்டுகள் முன்னே உள.

கல்லூரி அன்னையின் வாயிலிற் புகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் காலத்தின் அருமையையும், பொருளின் அளவையும், சான்றோர் சொல்லின் மதிப்பையும் உரிய பருவத்திலேயே உணர்ந்து உயர எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக. வாழ்க கல்லூரி! வளர்க அதன் தொண்டு!